சூசை என்று பெயர் வைத்தால் என்ன குறைச்சல்?

போன வாரம் சென்னையிலிருந்து மகன் போன் பண்ணினான். பேரன் பிறந்து நாற்பது நாள் ஆகிறது, ஞானஸ்நானத்துக்கு நாள் குறிக்க வேண்டும்.

"அப்பா, பேரு முடிவு பண்ணிட்டோம். ஜோஷ்வின்."

"அதுக்கு அர்த்தம் என்னப்பா?"

"அர்த்தம்னு பெருசா ஒண்ணும் இல்லப்பா. ஸ்டைலா இருக்கு. நியூமராலஜியும் பாத்தாச்சு. கூட்டினா அஞ்சு வருது."

"நம்ம வழக்கப்படி சூசைன்னு இல்ல வரணும்?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான். "கோயில் பதிவுல வேணா எழுதிக்கலாம்பா. ஸ்கூல்ல வேணாம். சூசைன்னு சொன்னாலே எந்த ஊரு, என்ன ஆளுன்னு தெரிஞ்சுபோயிடுதுப்பா."

அவன் கெட்ட பையன் இல்லை. மனதில் இருந்ததை மறைக்காமல் சொன்னான், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் என்னை இரண்டு ராத்திரி தூங்க விடவில்லை.

மூன்றாம் நாள் காலையில் டீக்கடையில் இதைச் சொல்லிப் புலம்பினேன். எங்கள் பெஞ்சில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் உண்டு. நல்ல மனிதர், படித்தவர். ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால், "அண்ணே, ஒரு வகையில உங்க மகன் செய்யறது சரிதான். சூசைங்கறது தமிழ்ப் பேரே இல்லையே. பரங்கிக்காரன் கொண்டாந்தது. வைக்கறதா இருந்தா வளன்னு வைங்க" என்றார்.

ஆக, என் மகனுக்கு இந்தப் பெயர் ரொம்ப உள்ளூர். தமிழாசிரியருக்கு ரொம்ப வெளியூர். எழுபது வயதாகும் எனக்கு இத்தனை நாள் நான் எந்த ஊர்க்காரனாக இருந்தேன் என்றே சந்தேகம் வந்துவிட்டது. இரண்டு பேருக்கும் சேர்த்தே பதில் எழுதிவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பத்தாறு வருடம் தபால் துறையில் ஊரார் பெயர்களைப் படித்துப் படித்தே சோறு சாப்பிட்டவன் நான். பெயர் பற்றிப் பேச எனக்கு அந்த ஒரு தகுதி போதும்.

முதலில் எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். என் தாத்தா பெயர் சூசை. வேளாங்கண்ணிப் பக்கத்திலிருந்து சீசனுக்குக் கோடியக்கரை வந்து, கரையில் கொட்டகை போட்டு, மீன் பிடித்து, கருவாடு காயவைத்து, ஒரு வருடம் திரும்பிப் போகாமல் இங்கேயே தங்கிவிட்டவர். அவர் மகன், என் அப்பா, சந்தியாகு. நான் சூசை. என் மகன் சந்தியாகு. மூத்த பிள்ளைக்குத் தாத்தா பெயர். ஏற்றமும் இறக்கமும்போல இரண்டு பெயரே மாறி மாறி வரும்.

தமிழில் 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்' என்பதுதான். தாத்தாவின் பெயரைத் தாங்கி வருகிறவன். பிள்ளைக்குப் பிள்ளையை அழைக்க உலகத்தில் எத்தனையோ மொழிகளில் சொல் இருக்கும். பெயரைத் தாங்குவதையே உறவுமுறைக்குப் பெயராக வைத்தவர்கள் நம் ஆட்கள். தமிழாசிரியர் ஐயா, பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பதைவிடத் தமிழ் வழக்கம் வேறு என்ன இருக்கிறது?

இனி அந்தப் பெயரின் பிறப்புக்கு வருவோம்.

மூலம் எபிரேய மொழி. அதில் அது யோசேப். 'சேர்த்துக் கொடுப்பார்', 'பெருகச் செய்வார்' என்பது பொருள். கதை பலருக்கும் தெரிந்ததுதான். யாக்கோபின் மனைவி ராகேல் நெடுநாள் பிள்ளையில்லாமல் இருந்தாள். ஊரார் பேச்சைப் பொறுத்துப் பொறுத்துக் கடைசியில் ஒரு பிள்ளை பிறந்தபோது, ஆண்டவர் இன்னொரு மகனையும் சேர்த்துத் தரட்டும் என்று வேண்டி அந்தப் பெயரை வைத்தாள். அந்தப் பையனைத்தான் அண்ணன்மார் பொறாமையில் இருபது வெள்ளிக்காசுக்கு விற்றார்கள். எகிப்துக்குப் போய், ஜெயிலில் கிடந்து, பிறகு பஞ்ச காலத்தில் நாட்டுக்கே நெல்லளக்கும் அதிகாரியாக உயர்ந்தான். தானியக் களஞ்சியத்தின் கதை என்பதால், நெல் விளையும் இந்தச் சீமையில் அது எனக்கு எப்போதும் சொந்தக் கதைபோலவே படும்.

இதில் ஒரு வேடிக்கை. எகிப்து ராஜா அவனை உத்தியோகத்தில் வைத்த கையோடு பெயரையும் மாற்றினான். சாப்நாத்பன்னேயா என்று வாயில் நுழையாத எகிப்தியப் பெயர் ஒன்றைக் கொடுத்தான். அந்தப் பெயர் இன்று யாருக்கு நினைவிருக்கிறது? உத்தியோகத்துக்காகக் கொடுத்த பெயர் உத்தியோகத்தோடு போய்விட்டது. பெற்றவள் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. மகனே, இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்.

அந்தப் பெயர் பிறகு நடந்த தூரம் கொஞ்சமா? அரபு நாட்டில் யூசுப். குர்ஆனில் 12-ஆம் அத்தியாயம் முழுக்க, 111 வசனங்களும், அவர் பெயரில்தான் இருக்கிறது. இத்தாலியில் ஜுசெப்பே. ஸ்பெயினில் ஹொசே. ரஷ்யாவில் யோசிப். யூகோஸ்லாவியாவில் யோசிப். மலையாளத்தில் ஔசேப்பு. சிங்களத்தில் ஜுசே. ஆங்கிலத்தில் ஜோசப். பாரதி பாடிய மாஜினியின் முதல் பெயர் ஜுசெப்பே. கரிபால்டியும் ஜுசெப்பே. ஸ்டாலின் யோசிப். நேருவோடும் நாசரோடும் கைகோத்து நின்ற போட்டோவில் நம் தலைமுறை பார்த்த டிட்டோவும் யோசிப். அத்தனை பேரும் சூசைகள்தான். கோடியக்கரையில் வலை உலர்த்திய என் தாத்தாவும் அந்த வரிசையில் ஒருவர்.

தமிழுக்கு வருவோம். 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் நாகப்பட்டினத்தில் இருந்தார்கள். 1658-இல் டச்சுக்காரர்கள் அதைப் பிடிக்கும்வரை அது அவர்கள் துறைமுகம். அவர்கள் வாயில் இந்தப் பெயர் 'ஜுசே' என்பதுபோல ஒலிக்கும். அதைக் கேட்ட நம் கடற்கரை மக்கள் என்ன செய்தார்கள்? ஜ-வைச் ச ஆக்கினார்கள். தமிழில் இல்லாத அந்த நடு ஒலியையும் ச ஆக்கினார்கள். முதலெழுத்தை நீட்டினார்கள். கடைசியில் ஐகாரம் வைத்து முடித்தார்கள். சூசை. மலை, அலை, வலை, கரை என்று ஐகாரத்தில் முடியும் சொற்களோடு கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள்.

தமிழாசிரியர் ஐயாவிடம் பணிவாக ஒன்று கேட்கிறேன். லக்ஷ்மணனை இலக்குவன் ஆக்கியவர் கம்பர். விபீஷணனை வீடணன் ஆக்கியவரும் அவரே. அதை நீங்கள் வகுப்பில் எவ்வளவு பெருமையாகச் சொல்லிக் கொடுத்திருப்பீர்கள்! வடசொல் தமிழுக்கு வந்தால் வடவெழுத்தை விட்டுவிட்டுத் தமிழ் எழுத்தோடு பொருந்தி வரவேண்டும் என்பது தொல்காப்பியம் சொன்ன வழிதானே. கம்பர் செய்தால் இலக்கணம், கட்டுமரக்காரன் செய்தால் பரங்கிப் பேச்சா? பள்ளிக்கூடம் போகாத என் பாட்டன் பூட்டன்மார், யாரும் சொல்லிக் கொடுக்காமலே அந்த விதிப்படி ஒரு பெயரைச் செய்து வைத்திருக்கிறார்கள். 'ஜோசப்' என்று எழுத ஒரு கிரந்த எழுத்து வேண்டும். 'ஜோஷ்வின்' என்று எழுத இரண்டு வேண்டும். 'சூசை'க்கு ஒன்றுகூட வேண்டாம். எது தமிழ்?

போர்ச்சுகீசியன் தொட்டதெல்லாம் ஆகாது என்றால் வீட்டில் சாவி போட்டுக் கதவைப் பூட்டக்கூடாது. ஜன்னலைத் திறக்கக்கூடாது. அலமாரி, மேஜை, துவாலை எதுவும் ஆகாது. காலையில் கரையில் மீனை ஏலம் விடுகிறோமே, அந்த 'ஏலம்' அவர்கள் சொல்தான். ஒரு நாள் ஏலம் என்ற சொல் இல்லாமல் நம் கரையில் வியாபாரம் நடக்குமா?

வளன் என்ற பெயரை நான் குறை சொல்லவில்லை. அழகான பெயர். அதன் கதையும் எனக்குத் தெரியும். வீரமாமுனிவர் 1680-இல் இத்தாலியில் பிறந்து 1710-இல் இந்தியா வந்தவர். கொள்ளிடத்துக்கு வடக்கே ஏலாக்குறிச்சியில் இருந்தவர். அவருடைய சொந்தப் பெயரிலேயே ஜுசெப்பே உண்டு. சூசையப்பரைத் தலைவராக வைத்து 3,615 பாட்டில் தேம்பாவணி பாடினார். 'பெருகச் செய்வார்' என்ற மூலப் பொருளைப் பார்த்து, 'வளன்' என்று அவருக்குத் தமிழ்ப் பெயர் கொடுத்தார். பொருளை எடுத்துப் பெயராக்குவது அந்தக் காலத்து வழக்கம். பவுல் என்றால் சிறியவர், ஆகவே சின்னப்பர். யோவான் என்றால் இறைவனின் அருள், ஆகவே அருளப்பர்.

நம் பக்கத்து ஊரையே பாருங்கள். திருமறைக்காடு வேதாரண்யம் ஆகவில்லையா? மறை என்றால் வேதம், காடு என்றால் ஆரண்யம். அது பொருளை மாற்றாமல் மொழியை மாற்றியது. கோடியக்கரைக்கு வெள்ளைக்காரன் வைத்த பாயிண்ட் காலிமீர் என்ற பெயரோ ஒலி வழி வந்தது, கள்ளிமேடு என்பதன் திரிபு என்பார்கள். பெயர் இந்த இரண்டு வழியிலும் நடக்கும். வளன் பொருள் வழி வந்தது. சூசை ஒலி வழி வந்தது. ஒன்றைப் புலவர் செய்தார், இன்னொன்றை ஜனங்கள் செய்தார்கள். காவியத்துக்கு வளன் என்று வைத்த முனிவர், கரையில் இருந்தவர்களைப் பார்த்து உங்கள் சூசையை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. தமிழ் எழுத்தில் எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு செய்து கொடுத்தவருக்கே அது உறுத்தவில்லை. நமக்கு ஏன் உறுத்த வேண்டும்?

தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1714-15-இல் புதிய ஏற்பாட்டை அச்சடித்தார். அந்தச் சபையாரின் வேதாகமத்தில் யோசேப்பு. எங்கள் கோயிலில் சூசையப்பர். 1995-இல் இரு சபையாருக்கும் பொதுவாக வந்த மொழிபெயர்ப்பில் யோசேப்பு என்றே வைத்துவிட்டார்கள். ஒரே வேதத்தைப் படிக்க ஒரே பெயர் நல்லதுதான். ஆனால் புத்தகம் மாறிய வேகத்தில் வீட்டுப் பெயர்களும் உதிர ஆரம்பித்துவிட்டன. இன்னாசி இக்னேஷியஸ் ஆனார். சவேரியார் சேவியர் ஆனார். அருளப்பன் ஜான் ஆனார். இப்போது அவர்கள் பேரப்பிள்ளைகள் ஜெர்வின், ஜோவின் என்று இருக்கிறார்கள்.

இது கிறிஸ்தவ வீட்டுச் சங்கதி மட்டும் இல்லை. வேதாரண்யம் தாலுகாவில் எந்தத் தெருவுக்குத் தபால் எடுத்துப் போனாலும் ஒரு வேதரத்தினம், ஒரு மறைக்காடன், ஒரு நாகூரான் இருந்த காலம் உண்டு. நாகூரான் என்று பெயர் வைத்தவர்கள் எல்லாரும் முஸ்லிம்கள் இல்லை. நாகூர் ஆண்டவரிடம் நேர்ந்துகொண்டு பெற்ற இந்துப் பிள்ளைகளுக்கும் அந்தப் பெயர்தான். இன்றைக்கு அந்தத் தெருக்களில் நின்று கூப்பிட்டால் ரித்திக்கும் நிதிஷும் தர்ஷனும்தான் ஓடி வருவார்கள். டில்லியில் கூப்பிட்டாலும் அதே பெயர்தான் ஓடி வரும்.

இப்போது மகனுக்கு.

சூசை என்றால் ஆளைத் தெரிந்துபோய்விடுகிறது என்கிறாய். தெரியும்தான், எனக்கும் தெரியாதா? பள்ளிக்கூடத்தில் 'சூசை, தோசை' என்று என் காதில் விழாத நாள் கிடையாது. முதல் போஸ்டிங்கில் ஒரு மேலதிகாரி என் பெயரைக் கேட்டுவிட்டு, "ஓ, கடற்கரையா?" என்று கையை மூக்குப் பக்கம் கொண்டுபோனார். மீன்வாடை பெயரிலேயே அடிக்கிறதாம். 1990-களில் கடலுக்கு அந்தப் பக்கம் இதே பெயரில் ஒரு தளபதி பெயர்பெற்றிருந்தார். சோதனைக்கு நிறுத்தும்போதெல்லாம் என் அடையாள அட்டையை இரண்டு தடவை திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். பணி ஓய்வுக்குப் பிறகும் விடவில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா அடித்ததில் டிரங்குப் பெட்டியோடு என் காகிதங்கள் எல்லாம் நனைந்து கூழாயின. நகல் கேட்டுப் போன இடத்தில், ஒரு காகிதத்தில் எஸ்-ஓ-ஓ-எஸ்-ஏ-ஐ, இன்னொன்றில் எஸ்-யூ-எஸ்-ஏ-ஐ, இரண்டும் ஒரே ஆள்தானா என்று எட்டு மாதம் அலைய விட்டார்கள். அந்தப் புயலுக்கு இலங்கைக்காரர்கள் கொடுத்த பெயர் கஜா. அதை மட்டும் எல்லா ஆபீசிலும் ஒரே மாதிரி எழுதினார்கள்!

ஆக, இந்தப் பெயரால் வரும் தொல்லை என்ன என்று எனக்கு நீ சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனால் நீ ஒன்றை மாற்றிப் புரிந்துகொண்டிருக்கிறாய். அந்த அதிகாரி மூக்கைத் தொட்டது என் பெயரின் குற்றம் இல்லை, அவர் மூக்கின் குற்றம். பெயரை மாற்றினால் அவர் மூக்கு நேராகிவிடுமா? பெயரில் தெரியாவிட்டால் ஊர் எது என்று கேட்பான். ஊரை மறைத்தால் அப்பா என்ன செய்கிறார் என்பான், தாத்தா என்ன செய்தார் என்பான். எத்தனை தலைமுறையை மறைப்பாய்? உன்னை ஆபீஸில் சாண்டி என்று கூப்பிடுகிறார்களாமே, சந்தியாகு என்ற பெயரை அப்படிக் குறுக்கிக்கொண்டாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. சாண்டி ஆன பிறகு கேட்பவர்கள் கேட்காமல் இருந்துவிட்டார்களா?

சந்தியாகு என்றால் என்ன என்று உனக்கு நான் சொன்னதே இல்லை, அது என் தப்பு. சந்த் இயாகோ, அதாவது புனித யாக்கோபு. சூசையின் தகப்பன் பெயர் யாக்கோபு. பழைய ஏற்பாட்டிலும் அப்படித்தான், மத்தேயு எழுதிய வம்ச வரிசையிலும் அப்படித்தான். நம் குடும்பத்தில் சூசையும் சந்தியாகும் மாறி மாறி வருவது எந்தப் பண்டிதர் சொல்லி வந்ததோ எனக்குத் தெரியாது. ஆனால் சந்தியாகு மகன் சூசை என்பது எத்தனை ஆயிரம் வருடத்துக் கணக்கு பார். அந்த வரிசையில் ஜோஷ்வின் எங்கே உட்காருவான்? ஜோஷ்வா என்ற பெயரிலிருந்து எடுத்தீர்களா என்றால் அதுவும் இல்லை என்கிறாய். ஜோஷ்வா வேறு பெயர், வேறு ஆள். ஜோசப்பின் செல்லப் பெயர் என்று நினைத்து வைத்தாயானால் அதுவும் தவறு.

பெயரால் கௌரவம் போய்விடும் என்று நினைக்கிறாயே, நம் தஞ்சாவூரிலேயே 1892-இல் ஒருவர் பிறந்தார். ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ். லண்டனிலும் அமெரிக்காவிலும் படித்தவர். காந்தியோடு சேர்ந்த காலத்தில் 'கார்னீலியஸ்' என்பதை விட்டுவிட்டுக் குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவை எடுத்துக்கொண்டார். நாடே அறிந்த ஜே.சி. குமரப்பா அவர்தான். அவர் எதை விட்டார், எதை வைத்துக்கொண்டார் என்று கவனி. பாட்டனாருடைய பெயரைத் திரும்பக் கொண்டுவந்தார், ஆனால் ஜோசப்பை விடவில்லை. ஒன்றைச் சேர்ப்பதற்காக மற்றதைக் கழிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. 1930 ஏப்ரல் 30-இல் இங்கே அகஸ்தியம்பள்ளியில் ராஜாஜி உப்பு அள்ளினாரே, அந்த வருடத்தில் காந்தியின் 'யங் இந்தியா' பத்திரிகையை நடத்தியவர் இந்தக் குமரப்பா.

அவருக்கு முன்பு 1923-இல் அதே பத்திரிகையைப் பார்த்துக்கொண்ட இன்னொரு ஜோசப்பும் உண்டு. மதுரை பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். செங்கன்னூரில் பிறந்த மலையாளி. குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்துப் பிரமலைக் கள்ளர்களுக்காக வாதாடியவர். அந்த மக்கள் அவரை ரோசாப்பூ துரை என்றார்கள். கோட்டில் ரோஜா குத்தியிருப்பார், அதனால் என்பவர்கள் உண்டு. ஜோசப்பு என்பதுதான் அவர்கள் வாயில் ரோசாப்பூ ஆயிற்று என்பவர்களும் உண்டு. எப்படியானாலும் அந்த மக்கள் தங்கள் பிள்ளைகளுக்கு ரோசாப்பூ என்று பெயர் வைத்தார்கள். எபிரேயத்தில் புறப்பட்ட பெயர் மதுரைச் சீமையில் பூவாகிவிட்டது. நன்றி உள்ள இடத்தில் எந்தப் பெயரும் அந்நியம் இல்லை.

மதுரையை ஆண்டு 1764-இல் தூக்கில் தொங்கிய கான்சாகிப் மருதநாயகத்தின் பெயரும் முகமது யூசுப்கான்தானே. கூத்தாநல்லூர்க் கவிஞர் சாரண பாஸ்கரன் 'யூசுப் ஜுலைகா' என்று தமிழில் காவியமே எழுதினார். நான் வேதாரண்யத்தில் வேலை பார்த்தபோது தோப்புத்துறையிலிருந்து மணியார்டர் வாங்க ஒரு யூசுப் பாய் வருவார். பாரத்தில் அவர் கையெழுத்துப் போடுவார், நான் முத்திரை குத்தி என் கையெழுத்துப் போடுவேன். ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, ரெண்டு யூசுப்பும் கையெழுத்துப் போட்டாச்சு, காசைக் குடுங்க" என்றார். எனக்கு அதுவரை அது தோன்றியதே இல்லை. அதற்குப் பிறகு அவர் என்னைச் சூசை என்று கூப்பிட்டதே கிடையாது, யூசுப் அண்ணன்தான். அவர் மௌத்தான அன்று நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். ஜோஷ்வினுக்கு இப்படி ஒரு கூட்டாளி கிடைப்பானா? உலகத்தில் அவன் பெயருக்குப் பங்காளியே கிடையாதே.

பெயர் தனியாக, புதிதாக, வேறு எவனுக்கும் இல்லாததாக இருக்க வேண்டும் என்பது இந்தக் காலத்து ஆசை. எண் கணிதக்காரர்கள் அதை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். ஆங்கில எழுத்தில் ஒன்றைக் கூட்டு, ஒன்றைக் குறை, அதிர்ஷ்டம் வரும் என்கிறார்கள். சூசை என்பதை நாகப்பட்டினத்தில் ஒரு மாதிரி எழுதுகிறோம், மலேசியாவில் இருக்கும் நம் சனங்கள் கடைசியில் ஒய் போட்டு எழுதுகிறார்கள். கூட்டினால் வேறு வேறு எண் வரும். அப்படியானால் கடல் தாண்டினால் ஒருவனுடைய தலையெழுத்து மாறிவிடுமா? காசு கொடுத்து இதை ஒருவனிடம் கேட்டுவிட்டு, காசில்லாமல் சொல்லும் அப்பனிடம் கேட்க மாட்டேன் என்கிறாய்.

கடைசியாக ஒன்று. இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். என் அப்பா 1987-இல் இதே வீட்டில் போய்ச் சேர்ந்தார். பேச்சு நின்றுபோன பிறகு, எங்கள் வழக்கப்படி, அவர் காதருகில் குனிந்து "சேசு, மரி, சூசை" என்று மூன்று பெயரையும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நல்ல மரணத்துக்குச் சூசையப்பர் காவல் என்பது நம்பிக்கை. மூன்றாவது பெயர் வரும்போதெல்லாம் அப்பாவின் கண் என் பக்கம் திரும்பியது. அவர் சூசையப்பரை நினைத்தாரா, அவருடைய அப்பாவை நினைத்தாரா, என்னை நினைத்தாரா? யாரை நினைத்தாலும் ஒரே பெயர்தான். என் முறை வரும்போது என் காதிலும் அதைத்தான் சொல்வார்கள். நான் திரும்பிப் பார்க்கும் பக்கத்தில் அந்தப் பெயரில் ஒரு பிள்ளை நின்றால் தேவலை. இதற்கு மேல் எனக்கு ஒரு வாதமும் இல்லை.

நேற்று ராத்திரி மருமகள் போன் பண்ணினாள். மகன் பேசவில்லை, அவள்தான் பேசினாள். "மாமா, எனக்கு அந்தப் பேரு பிடிக்காம இல்ல. ஆனா ஒண்ணு சொல்லுங்க. உங்க பேரைச் சொல்லி நான் எப்படி மாமா அவனை அதட்டறது?"

சிரித்துவிட்டேன். என் அம்மாவுக்கும் இதே கஷ்டம்தான். மாமனார் பெயரைச் சொல்லக்கூடாது என்று கடைசிவரை என்னைச் சூசை என்று கூப்பிட்டதே இல்லை, தம்பி என்றுதான் கூப்பிட்டாள். ஜெபம் சொல்லும்போது மட்டும் அந்தப் பெயரை வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொள்வாள். "நீயும் தம்பின்னே கூப்பிடும்மா, பள்ளிக்கூட ரிஜிஸ்டர்ல மட்டும் இருக்கட்டும்" என்றேன். "அவர்கிட்ட பேசிப் பாக்கறேன் மாமா" என்றாள். இன்னும் முடிவாகவில்லை. பெற்றவர்கள் அவர்கள், பெயர் வைக்கும் உரிமையும் அவர்களுடையதுதான். வேறு பெயர் வைத்தாலும் அவன் என் பேரன்தான். பிடித்திருக்கிறது என்பதற்காக ஒரு பெயரை வைக்கட்டும், என் தாத்தாவை மறைப்பதற்காக மட்டும் வைக்க வேண்டாம்.

இதைப் படிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தாத்தா, பூட்டன், பாட்டி பெயர்களை இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ரேஷன் கார்டில் உள்ளபடி இல்லை, வீட்டில் கூப்பிட்டபடி. பக்கத்தில் அந்தப் பெயர் எதற்காக வந்தது, எந்தக் கோயில், எந்த நேர்த்திக்கடன் என்று ஒரு வரி. பேரப்பிள்ளை பெயரைப் பற்றிப் பேச்சு வரும் நாளில் எடுத்துக் காட்ட உங்களிடம் ஒரு காகிதமாவது இருக்கும். என்னிடம் இருந்தவை கஜாவில் போய்விட்டன. அதனால்தான் இவ்வளவும் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது.